சம்பளம் தராத முதலாளி: தொழில் அமைச்சா, கோர்ட்டா, ஊர்ச் சங்கமா?

"அடுத்த கிழமை பார்ப்பம் தம்பி" என்று முதலாளி மூன்றாவது முறை சொல்லும்போதே பெரும்பாலானவர்களுக்கு விளங்கிவிடுகிறது, இந்தக் காசு தானாக வரப்போவதில்லை என்று. விளங்கிய பிறகும் மாதக்கணக்கில் ஒன்றும் செய்யாமல் இருப்பவர்கள்தான் அதிகம். கனடாவில் ஒன்ராறியோ மாகாணத்தின் ஸ்காபரோ, மார்க்கம், பிராம்ப்டன் பக்கம் உணவகச் சமையலறைகளிலும், இரவுத் துப்புரவு வேலைகளிலும், ஏஜென்சி வழியாகப் பக்டரிகளிலும் உழைக்கும் அகதிக் கோரிக்கையாளர்களைத்தான் சொல்கிறேன். அவர்களைக் கட்டிப்போடுவது இரண்டு விஷயங்கள். அகதிக் கேஸ் முடிவதற்கு முன் வாய் திறந்தால் கேஸே பழுதாகிவிடுமோ என்ற பயம் ஒன்று. எங்கே போவது என்பதில் ஆளுக்கொரு கதை சொல்வது மற்றது. ஒருவர் லேபர் மினிஸ்ட்ரி என்பார், இன்னொருவர் கோர்ட் என்பார், மூன்றாமவர் "ஊர்ச் சங்கத் தலைவரோட கதைச்சுப் பாப்பம்" என்பார்.

இந்த வழிகளை ஒப்பிடும்போது எல்லோரும் முதலில் கேட்பது, எது செலவு குறைவு, எது கெதியாக முடியும் என்பதை. அதற்கு முன் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. உங்களுக்குப் போனது வேலை செய்த நேரத்துக்கான காசா, வேலையேயா? முதலாவது என்றால் ஒரு வழி பொருந்தும், இரண்டாவது என்றால் வேறு வழி. இதைப் பிரித்துப் பார்க்காமல் அவசரத்தில் ஒரு படிவத்தை நிரப்பி அனுப்பியவர்கள் ஆயிரக்கணக்கான டாலரைக் கைவிட்டிருக்கிறார்கள்.

கேஸ் பழுதாகுமா?

சுருக்கமான பதில்: வேலை பெர்மிட்டோடு வேலை செய்தவர் சம்பளம் கேட்டு முறைப்பாடு செய்ததற்காக அகதிக் கோரிக்கை பழுதாகாது. அகதிக் கோரிக்கையைக் கேட்பது கூட்டாட்சி அரசின் கீழ் உள்ள குடிவரவு, அகதிகள் சபை. சம்பளத்தைப் பார்ப்பது ஒன்ராறியோ மாகாண அரசு. இரண்டும் வேறு வேறு அலுவலகம், வேறு வேறு சட்டம். மாகாணத்தின் வேலைவாய்ப்பு நியமங்கள் சட்டம், 2000 ஒரு தொழிலாளியின் குடிவரவு அந்தஸ்தைப் பார்த்துப் பாதுகாப்புத் தருவதில்லை. சமூகக் காப்புறுதி எண் தற்காலிகமாக இருப்பவர்களுக்குரியதுபோல் 9 இல் தொடங்கினாலும் சரி, பிரஜைக்குரிய எண்ணாக இருந்தாலும் சரி, குறைந்தபட்சச் சம்பளம் ஒன்றேதான்.

பயத்துக்கு அமைச்சின் பெயரும் ஒரு காரணம். 2022 இலிருந்து அதன் முழுப் பெயர் தொழில், குடிவரவு, பயிற்சி, திறன் மேம்பாட்டு அமைச்சு. கடிதத் தலைப்பில் 'இமிக்ரேஷன்' என்ற சொல்லைக் கண்டதும் பலருக்குக் கை நடுங்குகிறது. அந்தச் சொல் அங்கே இருப்பது மாகாணம் தனக்குத் தேவையான குடிவரவாளரைத் தெரிந்தெடுக்கும் திட்டத்துக்காக. ஆட்களைத் திருப்பி அனுப்பும் வேலை கனடிய எல்லைச் சேவை முகவரகத்துடையது. பெயர் வைத்தவர்கள் இதை யோசித்திருக்கலாம்.

ஆனால் மூன்று இடங்களில் கவனம் வேண்டும். இவை வதந்தி அல்ல, உண்மையான சிக்கல்கள்.

முதலாவது, படிவங்கள் ஒன்றோடொன்று ஒத்துப்போக வேண்டும். குடிவரவுப் படிவங்களில் நீங்கள் எங்கே, எப்போதிலிருந்து எப்போது வரை வேலை செய்தீர்கள் என்று எழுதியிருப்பீர்கள். சம்பள முறைப்பாட்டில் அதே முதலாளிக்கு வேறு திகதிகள் இருந்தால், பிறகு யாராவது இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போது உங்கள் நம்பகத்தன்மை கேள்விக்குள்ளாகும். அகதிக் கேஸில் நம்பகத்தன்மைதான் பாதி உயிர். ஆகவே முறைப்பாடு அனுப்புவதற்கு முன் உங்கள் அகதிச் சட்டத்தரணிக்கு ஒரு மின்னஞ்சல் போட்டு, "இந்தத் திகதிகளை எழுதப் போகிறேன்" என்று சொல்லிவிடுங்கள்.

இரண்டாவது, பெர்மிட் வருவதற்கு முன்பு வேலை செய்தவர்கள், அல்லது பெர்மிட் முடிந்த பிறகும் தொடர்ந்தவர்கள். அவர்களுக்கும் உழைத்த காசு உரியதுதான். ஆனால் அனுமதி இல்லாமல் வேலை செய்தது குடிவரவுச் சட்டத்தில் தனியே ஒரு விவகாரம். இவர்கள் நேரே அமைச்சுக்குப் போகாமல் முதலில் ஒரு சட்ட கிளினிக்கில், அதாவது இலவசச் சட்ட உதவி நிலையத்தில், பேச வேண்டும். பெர்மிட் முடிவதற்கு முன்பே நீடிப்புக்கு விண்ணப்பித்து, முடிவு வராமல் இருந்தால் அது வேறு கதை. பழைய நிபந்தனைகளின்படி தொடர்ந்து வேலை செய்ய அனுமதி உண்டு. விண்ணப்பித்த ரசீதைப் பத்திரமாக வைத்திருங்கள்.

மூன்றாவது, வெல்பெயர், அதாவது வருமானம் குறைந்தவர்களுக்கு அரசு தரும் உதவிப் பணம். ஒன்ராறியோ வேர்க்ஸ் உதவி எடுத்துக்கொண்டே கையில் காசு வாங்கி வேலை செய்து, அதை மாதாந்த அறிக்கையில் காட்டாமல் விட்டவர்களை முதலாளி இதை வைத்தே மிரட்டுவார். "நீ மினிஸ்ட்ரிக்குப் போனா நான் வெல்பெயருக்கு அடிச்சுச் சொல்லுவன்." இதற்குப் பயந்து சம்பளத்தை விடத் தேவையில்லை. ஆனால் இரண்டையும் ஒன்றாகக் கையாளத் தெரிந்த ஒருவரின் உதவி வேண்டும். கிளினிக்குகள் வெல்பெயர் விவகாரங்களை நாளாந்தம் பார்ப்பவை. திரும்பக் கிடைக்கும் சம்பளமும் வருமானமாக அறிவிக்கப்பட வேண்டியது என்பதையும் மறக்க வேண்டாம்.

மிரட்டல் வந்தால் அதைத் தனியே எடுத்து வையுங்கள். சட்டத்தின்படி உரிமையைக் கேட்டதற்காகத் தொழிலாளியை மிரட்டுவதும் தண்டிப்பதும் வேலையை விட்டு நிறுத்துவதும் அதுவே ஒரு மீறல். வாட்சப்பில் வந்த மிரட்டலைத் திருப்பித் திட்டி எழுதாமல் ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வைத்தால் அது உங்கள் பக்கத்துச் சாட்சி.

எவ்வளவு காசு என்று முதலில் கணக்குப் பாருங்கள்

எந்த வழி என்று தெரிவு செய்ய, தொகை தெரிய வேண்டும். பலர் "எனக்கு இரண்டு கிழமைச் சம்பளம் தரேல்லை" என்று வருவார்கள். உட்கார்ந்து கணக்குப் பார்த்தால் இரண்டு கிழமைச் சம்பளம் அதில் சிறிய பகுதி.

ஒரு உதாரணம். உணவகச் சமையலறையில் சாப்பாட்டு இடைவேளை கழித்துக் கிழமைக்கு 60 மணி நேரம், கையில் 800 டாலர். கேட்க நல்ல காசு. 2025 அக்டோபர் 1 இலிருந்து ஒன்ராறியோவில் குறைந்தபட்சச் சம்பளம் மணிக்கு 17.60 டாலர். கிழமைக்கு 44 மணிக்கு மேல் போனால் ஒன்றரை மடங்கு, அதாவது 26.40. முதல் 44 மணிக்கு 774.40. மிச்சம் 16 மணிக்கு 422.40. இரண்டும் சேர்ந்து 1,196.80. அதன் மேல் 4 வீத விடுமுறைச் சம்பளம் 47.87. மொத்தம் 1,244.67. கையில் வந்தது 800. ஒரு கிழமைக்கு 444.67 டாலர் குறைகிறது. இப்படி 40 கிழமை ஓடியிருந்தால் ஏறத்தாழ 17,800 டாலர். அரசு விடுமுறை நாட்களில் வேலை செய்ததை இன்னும் சேர்க்கவில்லை.

'ட்ரெயினிங்' என்று சொல்லி முதல் சில நாட்கள் சம்பளமில்லாமல் வேலை வாங்குவதும் செல்லாது. சோதனைக்கு நிறுத்திப் பார்த்த நேரத்துக்கும் சம்பளம் உண்டு என்பதை 2024 இல் சட்டத்தில் தெளிவாகவே எழுதிவிட்டார்கள். சாப்பிட்டவர் காசு கொடுக்காமல் ஓடினார், பெற்றோல் அடித்தவர் ஓடினார் என்று சம்பளத்தில் வெட்டுவதும் அப்படித்தான். நீங்கள் ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போட்டிருந்தாலும் அந்த வெட்டு சட்டப்படி செல்லாது.

சாட்சி இல்லையே என்று கவலைப்படுபவர்களுக்கு: வேலை நேரத்தைப் பதிந்து வைத்திருக்க வேண்டிய கடமை முதலாளியுடையது. அவரிடம் பதிவு இல்லை என்றால், உங்கள் கையெழுத்துக் குறிப்பை வைத்தே அதிகாரி முடிவெடுக்கலாம். பஸ், ரயிலுக்குக் காசு கட்டும் பிரெஸ்டோ அட்டையின் பயணப் பதிவை இணையத்தில் இறக்கி எடுத்தால், தினமும் காலை எத்தனை மணிக்கு பஸ் ஏறினீர்கள், இரவு எத்தனை மணிக்குத் திரும்பினீர்கள் என்று அதில் இருக்கும். "நாளைக்கு 9 மணிக்கு வா" என்ற முதலாளியின் குறுஞ்செய்தி, இ-ட்ரான்ஸ்பர் வந்த மின்னஞ்சல், கூட வேலை செய்தவரின் தொலைபேசி எண், சமையலறைச் சுவரில் ஒட்டியிருந்த ஷிப்ட் அட்டவணையின் படம் எல்லாம் உதவும். வேலையை விடும் நாளுக்கு முன்பே இவற்றை எடுத்து வைப்பவர் கெட்டிக்காரர்.

அமைச்சு

தொழில் அமைச்சில் முறைப்பாடு செய்ய ஒரு சதமும் தேவையில்லை. இணையத்தில் படிவம் நிரப்பலாம். சட்டத்தரணி தேவையில்லை. தோற்றாலும் மறுபக்கத்தின் செலவை நீங்கள் கட்ட வேண்டியதில்லை. கேட்கக்கூடிய தொகைக்கு முன்பு 10,000 டாலர் என்ற உச்சவரம்பு இருந்தது. 2015 இலிருந்து அது இல்லை. சம்பளம் தரப்பட்டிருக்க வேண்டிய நாளிலிருந்து 2 ஆண்டுக்குள் முறைப்பாடு செய்ய வேண்டும்.

இதில் பெரிய நன்மை, தேடிப் பிடிக்கும் வேலையை அதிகாரி செய்வது. முதலாளியின் பதிவேடுகளைக் கேட்பது, அவரைக் கூப்பிட்டு விசாரிப்பது, கட்டளை போடுவது எல்லாம் அவர் கையில். கம்பனியிடம் காசு இல்லாவிட்டால், 6 மாதச் சம்பளம் வரை இயக்குநர்கள் மீது பொறுப்பைப் போடும் வழியும் சட்டத்தில் உண்டு. ஏஜென்சி வேலை என்றால், ஏஜென்சி சம்பளம் தராதபோது நீங்கள் உண்மையில் போய் வேலை செய்த கம்பனியும் பொறுப்பு. 2024 ஜூலை 1 இலிருந்து ஏஜென்சிகள் உரிமம் எடுத்திருக்க வேண்டும். உரிமம் இருக்கிறதா என்று அமைச்சின் இணையத்தளத்தில் பார்க்கலாம்.

குறையும் சொல்ல வேண்டும். முதலாவது, நேரம் எடுக்கும், மாதக்கணக்கில். இரண்டாவது, உங்கள் பெயரைச் சொல்லாமல் உங்கள் காசை வாங்க முடியாது. பெயர் சொல்லாமல் தகவல் கொடுக்கலாம், அதைக் கொண்டு அமைச்சு போய்ப் பரிசோதனை செய்யவும் கூடும், ஆனால் உங்கள் 17,800 அதனால் கைக்கு வந்துவிடும் என்று இருக்க முடியாது. மூன்றாவது, கட்டளை வேறு, காசு வேறு. கடையை மூடி வேறு எண்ணில் வேறு கம்பனி திறந்த முதலாளியிடம் அமைச்சின் கட்டளை வெறும் கடதாசியாகக் கிடப்பதைப் பார்க்கிறோம். முதலாளி 30 நாளுக்குள் ஒன்ராறியோ தொழில் உறவுகள் சபைக்கு மேன்முறையீடு செய்யலாம். அப்படிச் செய்ய வேண்டுமென்றால் கட்டளையில் உள்ள காசை முதலில் அமைச்சிடம் கட்டி வைக்க வேண்டும் என்பது ஒரு நல்ல ஏற்பாடு. அதே மேன்முறையீட்டு உரிமை உங்களுக்கும் உண்டு.

ஸ்மோல் கிளெய்ம்ஸ் கோர்ட்

இது சிறு தொகை வழக்குகளுக்கான கோர்ட். இங்கே கேட்கக்கூடிய தொகையின் எல்லை 2025 அக்டோபர் 1 இலிருந்து 35,000 டாலரில் இருந்து 50,000 ஆக உயர்ந்திருக்கிறது. அகதிகள் செய்யும் வேலைகளில் வரும் தொகைகள் பெரும்பாலும் அதற்குள் அடங்கிவிடும். வழக்குப் போட 100 டாலருக்குச் சற்று மேல், பிறகு விசாரணைத் திகதி எடுக்க இன்னும் கூடக் கட்டணம். வருமானம் குறைந்தவர்கள் கட்டண விலக்குக் கேட்கலாம், பெரும்பாலான கோரிக்கையாளர்கள் அதற்குத் தகுதி பெறுவார்கள். முதலாளி 20 நாளுக்குள் பதில் போட வேண்டும். போடாவிட்டால் விசாரணை இல்லாமலே தீர்ப்புக் கேட்கலாம். பதில் போட்டால் முதலில் ஒரு சமரசக் கூட்டம், அதில் நீதிபதி முன்னிலையில் பல வழக்குகள் முடிந்துவிடுகின்றன.

வழக்குப் போடுபவர்கள் முதலில் தடுக்கி விழுவது பெயரில். கடைப் பலகையில் இருக்கும் பெயர் ஒன்று, சட்டத்தின் முன் முதலாளி வேறொன்று, பெரும்பாலும் வெறும் இலக்கங்களோடு தொடங்கி 'ஒன்ராறியோ இன்க்' என்று முடியும் ஒரு எண் கம்பனி. பலகைப் பெயரில் வழக்குப் போட்டு வென்றவர், காசை அறவிடப் போகும்போது அப்படியொரு கம்பனியே இல்லை என்று தெரிந்துகொள்வார். காசோலை, வருமான வரிக்காக முதலாளி தரும் டி4 படிவம், கடைக்குள் மாட்டியிருக்கும் உரிமச் சான்றிதழ் இவற்றில் உண்மையான பெயர் இருக்கும். மாகாணத்தின் வணிகப் பதிவேட்டிலும் தேடலாம்.

வென்ற பிறகும் வேலை முடியாது. முதலாளியின் வங்கிக் கணக்கை முடக்கிக் காசெடுக்க, அவர் சொத்தின் மீது பிடியாணை போட, அவரைக் கூப்பிட்டுச் சொத்து விபரம் கேட்க எல்லாவற்றுக்கும் நீங்களே ஓட வேண்டும். தோற்றால் மறுபக்கத்துக்கு நீங்கள் கேட்ட தொகையின் 15 வீதம் வரை செலவு கட்ட நேரலாம். இத்தனைக்கும் பிறகு ஏன் கோர்ட்டுக்குப் போக வேண்டும்?

வேலை பறிபோனதற்காக. சம்பளப் பாக்கி மட்டும் என்றால் கோர்ட்டை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

ஒருவருக்கு 55 வயது, ஒரே இடத்தில் 6 ஆண்டு வேலை, காரணம் சொல்லாமல் ஒரு நாள் "இனி வராதையுங்கோ" என்றார்கள். அமைச்சு அவருக்கு வாங்கித் தரக்கூடியது சட்டத்தின் குறைந்தபட்சம், 6 ஆண்டுக்கு 6 கிழமை. கோர்ட்டோ பழைய தீர்ப்புகளால் உருவான பொதுச் சட்டத்தின்படி வயது, வேலைக் காலம், அதே மாதிரி வேலை இனிக் கிடைக்குமா என்பதையெல்லாம் பார்க்கும். பல மாதச் சம்பளம் கிடைக்க வாய்ப்பு உண்டு. வேலையில் சேர்ந்தபோது குறைந்தபட்சத்துக்கு மேல் கேட்கமாட்டேன் என்ற வாசகமுள்ள ஒப்பந்தத்தில் கையெழுத்து வைத்திருந்தால் நிலைமை மாறலாம். எங்கள் ஆட்கள் வேலை செய்யும் பல இடங்களில் எழுத்து ஒப்பந்தமே கிடையாது. இந்த ஒரு இடத்தில் அது தொழிலாளிக்கு நன்மையாக முடிகிறது.

பொறி இங்கேதான். பணிநீக்கச் சம்பளம் கேட்டு அமைச்சில் முறைப்பாடு செய்துவிட்டால், அதே வேலைநீக்கத்துக்காகப் பிறகு கோர்ட்டில் வழக்குப் போட முடியாது. அந்த இணையப் படிவத்தில் எனக்குரியது எல்லாம் வேண்டும் என்று எல்லாப் பெட்டியிலும் சரி போட்டுவிடுகிறார்கள். அதில் ஒரு சரி, 6 கிழமையோடு கதையை முடித்துவிடும். கோர்ட்டில் முதலில் போட்டவரும் அதே விடயத்துக்காக அமைச்சுக்குப் போக முடியாது.

சட்டம் தடுப்பது ஒரே விடயத்தை இரண்டு இடத்தில் கேட்பதை. ஓவர்டைம் காசும் விடுமுறைச் சம்பளமும் ஒரு விடயம், வேலைநீக்கம் வேறொரு விடயம். ஓவர்டைமுக்கு அமைச்சு, வேலைநீக்கத்துக்குக் கோர்ட் என்று பிரித்துக்கொள்ள இடமுண்டு. இதை யாரும் முன்வந்து சொல்வதில்லை. ஆனால் இப்படிப் பிரிப்பதற்கு முன் அரை மணி நேரமாவது ஒரு சட்டத்தரணியோடு பேச வேண்டும்.

யார் உதவுவார்?

லீகல் எய்ட் ஒன்ராறியோ அகதிக் கேஸுக்குச் சட்டத்தரணி வைத்துக்கொள்ளச் சான்றிதழ் தருகிறது. அதே சான்றிதழில் சம்பளப் பிரச்சினை அடங்காது. சம்பளத்துக்கு லீகல் எய்ட்டின் காசில் நடக்கும் சமூகச் சட்ட கிளினிக்குகள் உண்டு, வருமான எல்லைக்குள் இருந்தால் இலவசம். ஒவ்வொரு கிளினிக்கும் ஒரு பகுதிக்கு உரியது என்பதால் உங்கள் தபால் குறியீட்டைக் கேட்பார்கள். தெற்காசியருக்கென்று இயங்கும் தெற்காசியச் சட்ட கிளினிக் தனி. வேலை விவகாரங்களை எடுக்கிறார்களா, தமிழில் பேச ஒழுங்கு உண்டா என்று முதல் அழைப்பிலேயே கேட்டுவிடுங்கள். எல்லாக் கிளினிக்கும் எல்லாவற்றையும் எடுப்பதில்லை. ரொறன்ரோவில் வேர்க்கர்ஸ் அக்ஷன் சென்ரர் என்ற தொழிலாளர் அமைப்பு சம்பளத் திருட்டிலேயே நீண்டகாலம் வேலை செய்கிறது. கணக்குப் பார்க்கவும், முதலாளிக்குக் கடிதம் எழுதவும், ஒரே இடத்தில் ஏமாந்தவர்களை ஒன்றுசேர்க்கவும் அவர்களைப் போல் தெரிந்தவர்கள் குறைவு. ஐந்து பேராகப் போகும் முறைப்பாட்டை முதலாளி ஒருவர் போனதுபோல் தட்டிவிட முடியாது.

கிளினிக்கில் இடம் இல்லையென்றால், ஒன்ராறியோ சட்டச் சங்கத்தின் பரிந்துரைச் சேவை மூலம் ஒரு சட்டத்தரணியோடோ பராலீகலோடோ 30 நிமிடம் வரை இலவசமாகப் பேசலாம். பராலீகல்கள் சட்டத்தரணிகள் அல்ல, ஆனால் ஸ்மோல் கிளெய்ம்ஸில் வாதாட உரிமம் உள்ளவர்கள், கட்டணமும் குறைவு. வெல்லும் தொகையில் பங்கு என்ற பேச்சு வந்தால் எழுத்தில் வாங்குங்கள், உரிமம் இருக்கிறதா என்று சட்டச் சங்கத்தின் பட்டியலில் பாருங்கள்.

குடிவரவு ஆலோசகர் "உங்கட சம்பளக் கேஸையும் நானே பாக்கிறன்" என்றால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். அது அவருடைய உரிமத்துக்குள் வராது.

ஊர்ச் சங்கம்

முதலாளியும் தமிழர், தொழிலாளியும் தமிழர் என்னும்போது இந்த வழி தானாக முன்னுக்கு வருகிறது. ஊர்ச் சங்கம், பழைய மாணவர் சங்கம், கோயில் ஐயா, முதலாளியின் அண்ணை. இதை நான் ஏளனம் செய்யவில்லை. சிறிய தொகை, முதலாளி உண்மையில் காசு முட்டில் இருக்கிறார், இருவருக்கும் ஊரில் சொந்தம் உண்டு என்றால், ஒரு பின்னேரம் தேத்தண்ணியோடு முடிந்துவிடும் விடயத்துக்கு அமைச்சு தேவையில்லைத்தான்.

ஆனால் அங்கே பேரம் எப்படி நடக்கிறது என்று கவனித்திருக்கிறேன். முதலாளி சங்கத்துக்கு விழாக் காசு தருபவர், மேடையில் பொன்னாடை போர்த்தப்படுபவர். நேற்று வந்த அகதி வெறும் ஆள். "அவர்தானே உனக்கு முதல் வேலை தந்தவர்" என்று தொடங்கும் பேச்சு, 17,800 இல் தொடங்கி 2,000 இல் முடியும், அதையும் மூன்று தவணையில். பேச்சு நடக்கும் காலம் முழுவதும் அந்த 2 ஆண்டுக் கடிகாரம் நிற்காமல் ஓடிக்கொண்டிருக்கும். ஒவ்வொரு கிழமை தள்ளிப்போகும்போதும் பின்னால் உள்ள ஒரு கிழமைச் சம்பளம் கைவிட்டுப் போகிறது. ஆகவே பேசுங்கள், ஒரு மாதம் எல்லை வைத்துப் பேசுங்கள், முதலாளி ஒப்புக்கொள்ளும் தொகையை ஒரு வரியிலாவது வாட்சப்பில் எழுதவையுங்கள். இன்னொன்று: குறைந்தபட்சத்தை விட்டுக்கொடுக்கும்படி நீங்கள் போட்ட கையெழுத்து பொதுவாகச் செல்லாது. "இனி ஒரு கோரிக்கையும் இல்லை" என்று சங்கத்தில் எழுதிக் கொடுத்துவிட்டேனே என்று அதோடு விட்டுவிட வேண்டாம்.

வேறு பாதையில் போக வேண்டியவர்கள்

மேலே சொன்னது எதுவும் பொருந்தாத சிலர் இருக்கிறார்கள், அவர்களுக்குக் காலக்கெடு இன்னும் குறுகியது.

மாகாண எல்லை தாண்டி லொறி ஓட்டுபவர்கள், வங்கி, விமான நிறுவனத்தில் வேலை செய்பவர்கள் கூட்டாட்சித் தொழிற் சட்டத்தின் கீழ் வருவார்கள். அவர்கள் ஒன்ராறியோ அமைச்சுக்குப் போய் மாதங்களை வீணாக்கக்கூடாது. அங்கே சம்பள முறைப்பாட்டுக்கு 6 மாதம்தான், அநியாய வேலைநீக்கத்துக்கு 90 நாள். லொறிக்காரரைத் தொழிலாளி என்று காட்டாமல் ஒப்பந்தக்காரர் என்று காட்டுவதற்காக "ஒரு கம்பனி பதிஞ்சுகொண்டு வா" என்பது இப்போது வழக்கமாகிவிட்டது. 'டிரைவர் இன்க்' என்றே அதற்குப் பெயர். லொறி முதலாளியுடையது, பாதை அவர் சொல்வது, நேரம் அவர் வைப்பது என்றால், உங்கள் பெயரில் கம்பனி பதிந்திருந்தாலும் நீங்கள் தொழிலாளி என்று வாதாட இடமுண்டு. துப்புரவு வேலையிலும் விற்பனை வரிக்கான எச்எஸ்டி எண் எடுக்கச் சொல்லி இதே வேலை நடக்கிறது.

யூனியன் உள்ள இடத்தில் வேலை செய்பவர் பொதுவாக அமைச்சில் நேரே முறைப்பாடு செய்ய முடியாது, யூனியன் வழியாகத்தான் போக வேண்டும். சம்பளச் சீட்டில் யூனியன் காசு வெட்டியிருக்கிறதா என்று பாருங்கள், தாங்கள் யூனியனில் இருப்பதே தெரியாதவர்கள் உண்டு. கம்பனி வங்குரோத்தாகிவிட்டதென்றால் கூட்டாட்சி அரசின் சம்பளப் பாதுகாப்புத் திட்டம் உண்டு, விண்ணப்பிக்க 56 நாள். வேலையில் அடிபட்டவர் 6 மாதத்துக்குள் வேலையிடக் காயங்களுக்கு இழப்பீடு தரும் மாகாணச் சபையான டபிள்யூஎஸ்ஐபிக்கு அறிவிக்க வேண்டும். "வீட்டில விழுந்தன் எண்டு சொல்லு" என்று ஆஸ்பத்திரி வாசலில் வைத்து முதலாளி சொன்னால், உள்ளே போய் வைத்தியரிடம் உண்மையைச் சொல்லுங்கள், அந்தக் குறிப்புத்தான் பிறகு காப்பாற்றும்.

இனம், மதம், பால் காரணமாக அவமதிப்பு, பாலியல் தொல்லை என்றால் மனித உரிமைத் தீர்ப்பாயம், ஒரு ஆண்டு எல்லை. அதற்கு மனித உரிமைச் சட்ட உதவி மையம் இலவசமாக உதவுகிறது. ஆனால் தீர்ப்பாயத்தில் காத்திருப்பு மிக நீளம். சாதி சொல்லி ஒதுக்குவதும் மனித உரிமைக் கோவைக்குள் அடங்கும் என்று ஒன்ராறியோ மனித உரிமை ஆணைக்குழு 2023 இல் வெளிப்படையாக அறிவித்தது. எங்கள் ஆட்கள் நடத்தும் சமையலறைகளில் இது நடப்பதில்லை என்று சொல்ல எனக்கு வாய் வராது.

என் தெரிவைக் கேட்டால் இப்படிச் சொல்வேன். இன்னும் அதே இடத்தில் வேலை செய்கிறீர்கள், காசு குறைகிறது என்றால் ஆதாரத்தைச் சேருங்கள், வேறு வேலை பாருங்கள், கிடைத்ததும் அமைச்சு. சில மாதம் வேலை செய்து விட்டுவந்தீர்கள், பாக்கி இருக்கிறது என்றால் இன்றைக்கே அமைச்சு. ஆண்டுக்கணக்கில் வேலை செய்து நிறுத்தப்பட்டீர்கள் என்றால் எந்தப் படிவத்தையும் தொடாமல் முதலில் கிளினிக் அல்லது சட்டத்தரணி.

இதை வாசிப்பதற்கு முன்பே பணிநீக்கப் பெட்டியிலும் சரி போட்டு அனுப்பிவிட்டவர்களுக்கு ஒரு வழி இருக்கிறது. முறைப்பாட்டை அனுப்பிய நாளிலிருந்து 2 கிழமைக்குள் அதை மீளப் பெற்றுக்கொண்டால் கோர்ட் கதவு மறுபடி திறக்கும். அனுப்பியபோது வந்த உறுதிப்படுத்தல் மின்னஞ்சலைத் தேடி எடுங்கள், திகதி அதில் இருக்கும்.